கல்லறையில் வைத்த வெண்கலம்

வட சென்னையின் மீன்பிடித் துறையை அடுத்த சபையொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு சிறு பிணக்கே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. கடலில் இறந்த மீனவர் ஒருவரின் உடலைப் பெட்டியில் வைத்தபோது, அவர் நாள்தோறும் கையாண்ட வலை பின்னும் ஊசியை அவருடைய மனைவி அவர் கையருகே வைத்தார். அடக்க ஆராதனைக்கு வந்திருந்த மூப்பர் இருவர் அதனைத் தடுத்தனர். மரித்தவருக்குப் பொருள் வைத்தல் பழைய சமயத்தின் எச்சம் என்பது அவர்கள் வாதம். அம்மையார் விடையேதும் கூறவில்லை. ஊசியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம் வரை நடந்தார்.

மூப்பர்கள் கெட்ட எண்ணத்தால் அவ்வாறு செய்தனர் என்று நாம் கூறவில்லை. மரித்தோர் பசித்திருப்பர் என்றோ, பொருள் கேட்டு வருவர் என்றோ அஞ்சுகிற அச்சத்தினின்று மக்களை விடுவிக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கல்லறையில் வைக்கப்படும் பொருள் எப்போதும் அச்சத்தையே சொல்லுகிறதா? அது வேறு எதையேனும் சொல்லக்கூடுமானால், அதனை வாசிக்க நாம் கற்றிருக்கிறோமா?

இக்கேள்விக்கு விடை தேட, மரித்தோரோடு வெண்கலத்தை வைத்த இரு பண்டைய மக்களை இங்கே ஒப்பிட்டுக் காண முற்படுகிறோம். ஒரு சாரார் நைல் கரையினர். மற்றவர் நம் பொருநைக் கரையினர்.

1. நைல் கரையின் இளவரசி

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத் தேசியத் தொல்பொருட் காட்சியகத்தில் தாக்குஷித் என்னும் எகிப்தியப் பெண்ணின் வெண்கலச் சிலை ஒன்று உள்ளது. உயரம் ஏறத்தாழ 70 செ.மீ. அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே ஒரு மேட்டில் 1880ஆம் ஆண்டு அது கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் கி.மு. 670ஐ ஒட்டியது என்பர். எகிப்தைக் கூஷ் நாட்டு மன்னர் ஆண்ட காலம் அது. திருமறையின் இராஜாக்களின் இரண்டாம் நூலில் வரும் திராக்கா அம்மன்னருள் ஒருவர். தாக்குஷித் என்னும் பெயருக்கே ‘கூஷ் நாட்டாள்’ என்பதுதான் பொருள். அவள் நைல் கழிமுகத்தில் ஆண்ட லிபியக் குடித்தலைவர் ஒருவரின் மகள். கோயிற்பணி ஏற்ற பூசாரினி. அவளுடைய சிலை கோயிற்காணிக்கையாகவும் ஈமச்சிலையாகவும் பயன்பட்டது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

அவள் நிற்கும் நிலையை முதலில் நோக்குவோம். இடக்கால் சற்றே முன்வைத்திருக்கிறது. ஒரு கை மார்பின்மேல் மடிந்துள்ளது. மற்றது உடலை ஒட்டித் தொங்குகிறது. கண்கள் திறந்து நேர்நோக்குகின்றன. ஈமச்சிலை எனினும் இதில் சாவின் சாயல் சிறிதும் இல்லை. கிடத்தி வைத்த உடலின் உருவம் அன்று இது. நடந்து வரும் ஒருத்தியின் உருவம். உடல் அழிந்தாலும் உயிராற்றல் வந்து தங்குவதற்கு ஓர் உரு வேண்டும் என எகிப்தியர் நம்பினர். அவ்வுரு உயிர்ப்புடன் நிற்றல் இன்றியமையாதது ஆயிற்று.

அடுத்து, அவள் ஆடையை நோக்குக. உடலோடு ஒட்டிய அவ்வாடை முழுவதும் வரிசை வரிசையாகத் தெய்வ உருவங்களும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டு, அக்கோடுகளுள் விலையுயர்ந்த மாழையின் மெல்லிய கம்பிகள் பதிக்கப்பட்டுள்ளன. அத்தெய்வங்கள் கழிமுகத்தின் வடகிழக்குப் பகுதிக்கு உரியவை. அஃதாவது, அவள் தன் ஊரையும் அதன் வழிபாட்டையும் உடுத்து நிற்கிறாள் எனலாம். பொறிக்கப்பட்ட எழுத்துகளுள் சிறப்பானது அவளுடைய பெயர். பெயர் சொல்லப்படும்வரை மரித்தவர் வாழ்கிறார், பெயர் அழிந்தால் அவர் இரண்டாம் முறை இறக்கிறார் என்பது எகிப்தியர் கொள்கை. பகைவனின் பெயரைக் கல்லினின்று செதுக்கி எடுத்தலைக் கொடிய தண்டனையாக அவர்கள் கருதியதும் இதனாலேயே.

வெண்கலத்தைத் தெரிந்துகொண்டமைக்கும் பொருள் உண்டு. தேவர்களின் தசை பொன், எலும்பு வெள்ளி என்று எகிப்தியர் கூறுவர். துலக்கிய வெண்கலம் பொன்னொளி வீசும். மரத்தைப்போல் உளுத்துப் போகாது. பொன்னும் வெள்ளியும் போன்ற கம்பிகளை அதன்மேல் இழைக்கும்போது, அழியும் மனித உடலுக்கு அழியாத உடலொன்று அணிவிக்கப்பட்டதாக அது தோன்றும்.

2. முளைக்கும் தேவனும் உழைக்கும் பாவையும்

தாக்குஷித் போன்ற பெருஞ்சிலைகள் செல்வர்க்கே கிட்டின. எளியோரும் வாங்கக்கூடியவை ஒசிரிஸ் தேவனின் சிறு வெண்கல உருவங்கள். துணி சுற்றிய பிணத்தின் வடிவில் நின்று, மேய்ப்பனின் வளைகோலையும் கதிரடிக்கும் சாட்டையையும் மார்பின்மேல் ஏந்தியிருப்பான் ஒசிரிஸ். கோலும் சாட்டையும் அரசச் சின்னங்களாயினும், அவை பிறந்த இடம் மந்தையும் களமுமே. இவ்வுருவங்கள் கல்லறைகளைவிடக் கோயில்களிலேயே மிகுதியாகக் காணிக்கையாக இடப்பட்டன. இடம் நிறைந்தபோது அவற்றை எறியாமல் கோயில் நிலத்திலேயே குவியலாகப் புதைத்தனர்.

ஒசிரிஸ் கொல்லப்பட்டு மீண்டவன்; அவன் நிறம் நைல் வண்டலின் கருமை அல்லது பயிரின் பச்சை. 1922ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தூத்தன்காமன் மன்னனின் கல்லறையில், ஒசிரிஸ் வடிவான மரச்சட்டத்தில் வண்டல் இட்டுத் தானியம் விதைத்து முளைக்கவிட்ட ‘ஒசிரிஸ் படுக்கை’ ஒன்று கிடைத்தது. இறந்த உடலை விதையாகக் கண்ட மனத்தை இதில் காண்கிறோம்.

இவற்றோடு இன்னொரு வகைப் பாவையும் உண்டு. ‘உஷப்தி’ எனப்படும் அதற்கு ‘விடை கூறுபவன்’ என்பது பொருள். மறுமையில் வயல் உழவும் வாய்க்கால் வெட்டவும் மரித்தவரின் பெயர் அழைக்கப்படும்போது, ‘இதோ இருக்கிறேன்’ என்று அவருக்குப் பதிலாக இப்பாவை எழுந்து வேலை செய்யுமாம். பெரும்பாலும் மண்ணாலும் மரத்தாலும் கல்லாலும் இவற்றைச் செய்தனர். வெண்கலத்தில் செய்தவை அரியவை. திருமறையில் சோவான் எனப்படும் தானிஸ் நகரத்து அரசகல்லறையில் முதலாம் சூசென்னெஸ் மன்னனுக்கு வெண்கல உஷப்திகள் வைக்கப்பட்டிருந்தன. தூத்தன்காமனுக்கோ மொத்தம் 413 உஷப்திகள். நாளுக்கு ஒருவராக 365 வேலையாட்கள். அவர்களை மேற்பார்க்க 36 பேர். மாதத்துக்கு ஒருவராக மேலும் 12 பேர்.

ஆலைச் சங்கும் மூன்று வேளை முறைப்பணியும் அறிந்த திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். தான் உழையாமைக்கு வழிதேடிய செல்வன் மறுமைக்கும் கூலியாட்களை, கங்காணியோடு சேர்த்தே, கொண்டுபோனான். ஆதலின் எகிப்தின் ஈமக்கலையை அழகுக்காக மட்டும் புகழ்தல் போதாது. பெயர் நிலைக்க வேண்டும் என்னும் ஏக்கமும், பிறர் உழைப்பில் என்றும் வாழலாம் என்னும் செருக்கும் அதில் ஒருங்கே வார்க்கப்பட்டுள்ளன. யாக்கோபும் யோசேப்பும் எகிப்திய முறைப்படி சுகந்தவர்க்கம் இடப்பட்டனர் என ஆதியாகமம் கூறுகிறது. அதே நாட்டில் செங்கல் அறுத்த மக்களின் பெருமூச்சை யாத்திராகமம் கூறுகிறது. இரண்டையும் மறவாமல் படிப்பதே நேர்மை.

3. பொருநைக் கரையின் தாழிகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் பொருநை எனப்படும் தாமிரபரணியின் தென்கரையில், திருவைகுண்டத்துக்கு அருகே, ஆதிச்சநல்லூர் உள்ளது. அங்கே 114 ஏக்கர் பரப்பில் பண்டைய இடுகாடு ஒன்று விரிந்து கிடக்கிறது. பாறையைக் குடைந்த குழிகளில் பெரிய மண்தாழிகளை இறக்கி, அவற்றுள் மரித்தோரின் உடலையோ எலும்புகளையோ வைத்துப் புதைத்தனர். 1876ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து யாகோர் என்பார் அங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான பொருள்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றின் பட்டியலை அவர் 1915ஆம் ஆண்டு வெளியிட்டார். நூறாண்டு கழிந்து 2004, 2005ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழ்வில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அப்போது எடுத்த மாதிரிகளை ஒளிர்வு முறையில் ஆராய்ந்தபோது ஏறத்தாழ கி.மு. 905, கி.மு. 696 என இரு கணிப்புகள் கிடைத்தன. தாக்குஷித் வாழ்ந்த நாள்களிலும் பொருநைக் கரையில் தாழிகள் புதைக்கப்பட்டன என்று கொள்ளலாம்.

அக்கல்லறைகளில் இரும்பும் வெண்கலமும் சேர்ந்தே கிடைக்கின்றன. வாள், ஈட்டி, கருவிகள் ஆகியவை இரும்பாலானவை. கலன்களும் அணிகளும் வெண்கலத்தாலானவை. பயன்பாட்டுக்கு இரும்பு, சிறப்புக்கு வெண்கலம் என்னும் பாகுபாடு தெளிவாகத் தெரிகிறது. நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்களும் உண்டு.

வெண்கலப் பொருள்களுள் கருத்தைக் கவர்வன கலங்களின் மூடிகளும் அவற்றின் உச்சியில் நிற்கும் உயிர்களுமாம். எருமை, ஆடு, சேவல் ஆகிய வீட்டு உயிர்கள், புலி, மான், யானை ஆகிய காட்டு உயிர்கள், இவற்றோடு பறவைகள். எருமையின் கொம்பு பின்னோக்கி வளைந்து செல்லும் வீச்சைக் காண்பவர், தொழுவத்தில் எருமையோடு வாழ்ந்தவனே அதனைச் செய்திருக்க வேண்டும் என உணர்வர். தனியே ஒரு சிறு பெண்ணுருவமும் கிடைத்தது. அதனைத் தாய்த்தெய்வம் என்பர். தமிழகத்து வெண்கலச் சிலைகளின் வரலாற்றை அதிலிருந்தே தொடங்கும் அறிஞர் உளர்.

2004ஆம் ஆண்டு கிடைத்த பானையோடு ஒன்றில், மண்ணை ஒட்டிச் செய்த புடைப்புருவமாக மெல்லிய உடலுடைய பெண்ணொருத்தி நிற்கிறாள். அவளருகே நெற்கதிர், கொக்கு, மான், முதலை ஆகியன உள்ளன. ரீ எடுத்த கலங்களிலும் நெல்லின் உமி இருந்தது. ஆறு, வயல், வயலுக்கு வரும் கொக்கு, வளர்க்கும் எருமை, விடியலைக் கூவும் சேவல் என மரித்தவர் வாழ்ந்த உலகம் முழுவதும் அவரைச் சூழ வைக்கப்பட்டது. தாழியின் வடிவம் கருப்பையை ஒத்தது என்றும், உடலை ஒடுக்கி அமர்த்தியமை மீண்டும் பிறத்தலைக் குறிக்கும் என்றும் சொல்லுவோர் உண்டு. அது நம் ஊகமே. அம்மக்கள் விளக்கம் எழுதி வைக்கவில்லை. ஆயினும் தாழிக்குள் உறவு நிலைத்தது என்பதற்குப் பிற்காலச் சான்று உண்டு. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்தவள் ஒருத்தி குயவனை நோக்கித் தானும் அவனோடு அடங்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். அவள் அஞ்சவில்லை, பிரிய மறுக்கிறாள்.

4. ஒப்பும் வேறுபாடும்

இரு கரைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காண்போம். இரு மக்களும் பொன்னொளி வீசும் மாழையையே மரித்தோர்க்குச் சிறப்பாகக் கொண்டனர். இருவரும் தானியத்தை அவர்களோடு வைத்தனர். இதனைக் கண்டவுடன் ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றனர் என முடிவு கட்டுதல் தகாது. ஆற்று வண்டலில் விதைத்து உண்ட மக்கள் எவர்க்கும் விதையும் புதைகுழியும் ஒன்றையொன்று நினைவூட்டும். நம் நாட்டுப்புறத்தில் சாவுச் சடங்கில் நவதானியம் இடம்பெறுவதும், பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையார்க்கு உயிர்த்தெழுதலை விளக்குகையில் விதைமணியை எடுத்துக்காட்டுவதும் அம்மண்ணறிவின் வெளிப்பாடுகளே.

வேறுபாடே நமக்கு மிகுதியும் கற்பிக்கிறது. எகிப்தியச் சிலை மரித்தவரின் உருவம். பெயரும் பட்டமும் தாங்கியது. ஆதிச்சநல்லூர் வெண்கலம் மரித்தவரைக் காட்டுவதில்லை. அவர் எவற்றோடு வாழ்ந்தார் என்பதையே காட்டுகிறது. அங்கே பெயரை இழத்தல் பேரச்சம். இங்கே, நாம் அறியக்கூடிய அளவில், வீட்டையும் வயலையும் உடன்வாழ்ந்த உயிர்களையும் இழத்தலே பெருந்துயர். அங்கே நடப்பது தனியொருவரின் நிலைபேறு. இங்கே பேசப்படுவது ஒரு குடும்பத்தின் உறவு.

5. வார்த்தவர் யார்?

அருங்காட்சியகத்தில் இம்மூடிகளைக் காணச் சென்றபோது, எண்ணூரில் வார்ப்படத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் எம்மோடு வந்திருந்தார். நாம் குறியீடுகளைப் பேசிக்கொண்டிருக்க, அவரோ ஒரு பறவையின் அலகை நெடுநேரம் நோக்கியிருந்தார். பின்பு, “ஐயா, இதைச் செஞ்சவன் ஒரே தடவைதான் செஞ்சிருக்கான். மறுபடி வேணும்னா முதல்லேருந்து செய்யணும்,” என்றார்.

அவர் கூறியது மெழுகு வார்ப்பின் உயிர்நிலை. இன்றைய ஆலைகளில் மரத்தாலோ உலோகத்தாலோ ஆன மாதிரியை மணலில் அழுத்தி அச்செடுப்பர். அம்மாதிரி அழிவதில்லை, ஆயிரம் வார்ப்புகளுக்கும் அதுவே உதவும். மெழுகு வார்ப்பிலோ உருவத்தை மெழுகில் கையால் செய்து, மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, அதன்மேல் மண்ணைப் பொதிந்து சுடுவர். மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய வெண்கலம் பாயும். ஆறியபின் மண்ணச்சை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். மாதிரியும் இல்லை, அச்சும் இல்லை. உருவம் ஒன்றே எஞ்சும். சுவாமிமலைச் சிற்பியர் இன்றும் இம்முறையையே கையாளுகின்றனர். அவர்கள் தெய்வத் திருமேனியைக் கனமாக வார்ப்பர். தாக்குஷித் போன்ற எகிப்தியச் சிலையோ உள்ளே பொள்ளலானது. மெழுகுக்கு உள்ளே மண்கரு வைத்து அதனைச் செய்தனர். நம் வார்ப்படத் தொழிலாளர் ‘கோர்’ என வழங்குவதும் அதனையே.

ஆதிச்சநல்லூரின் மெல்லிய கிண்ணங்கள் வேறொரு திறமையைக் காட்டுகின்றன. அவற்றுள் வெள்ளீயம் நூற்றுக்கு 23 முதல் 25 வரை கலந்துள்ளதை மாழையியல் அறிஞர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து காட்டினார். இவ்வளவு வெள்ளீயம் கலந்தால் வெண்கலம் குளிர்ந்த நிலையில் கண்ணாடிபோல் நொறுங்கும். செந்தழலாய் இருக்கும்போதே அடித்து வடித்து, உடனே நீரில் தோய்த்தல் வேண்டும். அதன் செம்மையான வெப்பத்தைக் கருவியின்றி, நிறம் கண்டே அறிந்தனர் அக்கம்மியர்.

தாக்குஷித்தின் பெயரை உலகம் அறியும். அவளை வார்த்தவன் பெயரை ஒருவரும் அறியார். பொருநைக் கரையிலோ வைத்தவர், வைக்கப்பட்டவர், வார்த்தவர் ஆகிய மூவரின் பெயரும் இல்லை. இவ்விடத்தில் திருமறையின் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடல் தகும். சாலொமோன் ஆலயத்தின் வெண்கல வேலையைச் செய்தவன் தீருவிலிருந்து வந்த ஈராம் என்றும், அவன் ஒரு கைம்பெண்ணின் மகன் என்றும், யோர்தான் சமவெளியில் சுக்கோத்துக்கும் சர்தானுக்கும் இடையேயுள்ள களிமண் நிலத்தில் அவை வார்க்கப்பட்டன என்றும் இராஜாக்களின் முதலாம் நூல் பதிவு செய்கிறது. ஆலயத்தைக் கட்டுவித்த அரசனோடு உலையருகே நின்றவனின் பெயரும், அவன் தாயின் நிலையும், மண்ணின் இடமும் எழுதப்பட்டுள்ளன. தொழிலாளர் நிறைந்த நம் சபைகளில் இப்பகுதியை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம் என எண்ணிப் பார்க்கலாம்.

6. மீண்டும் அந்த ஊசி

மூப்பர்களின் கவலைக்கு இடமுண்டு என்று தொடக்கத்திலேயே கூறினோம். கல்லறையில் வைக்கும் பொருளால் மரித்தவரின் நிலையை மாற்றலாம் என்று ஒருவர் நம்பினால், உஷப்திகளைக் கணக்கிட்டு அடுக்கிய எகிப்திய மன்னனின் பிழையை அவரும் செய்கிறார். அத்தகைய நம்பிக்கையைத் திருத்துதல் ஆயரின் கடமை. ஆனால் தாழியின் மூடியில் எருமையையும் சேவலையும் வைத்தவர் சொன்னது அது மட்டுமே என்று நம்மால் துணிய முடியாது. ‘இவர் இவற்றோடு வாழ்ந்தார், இவரை இவற்றினின்று பிரித்து எண்ண எமக்கு இயலவில்லை’ என்பதும் அவ்வெண்கலத்தின் பேச்சாக இருக்கலாம். அம்மையார் வைத்த ஊசியும் அதனையே பேசியிருக்கக்கூடும்.

அவ்வாறு பேசியதா என்பதை அறிய ஒரே வழி, அவரைக் கேட்பது. அன்று ஒருவரும் கேட்கவில்லை. “அம்மா, இதை ஏன் வைக்கிறீர்கள்?” என்னும் ஒரு கேள்விக்குப் பெட்டி மூடுமுன் நேரம் இருந்தது. அவர் விடையில் அச்சம் வெளிப்பட்டிருந்தால் ஆறுதல் கூறியிருக்கலாம். அன்பு வெளிப்பட்டிருந்தால் ஊசியை இருக்க விட்டிருக்கலாம். நவம்பர் 2ஆம் நாள் காசிமேட்டில் நம் மக்கள் பெயர் பொறித்த கற்களைக் கழுவி, பூச்சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். அதனை நாம் தடுப்பதில்லை. பெயரை நினைவுகூர இடம் தரும் நாம், தொழிலை நினைவுகூரத் தடைசெய்தல் பொருந்துமா என்பதைச் சபைகள் அமைதியாகச் சிந்திக்க வேண்டும்.

இறையியல் மாணவர்க்கு அடக்க ஆராதனை ஒழுங்கைக் கற்பிக்கும்போது, ஒரு பிற்பகலேனும் அவர்களை எழும்பூருக்கு அழைத்துச் செல்லுதல் நலம். இராயபுரத்திலிருந்து அது சில கல் தொலைவே. வாய்ப்புடையோர் ஆதிச்சநல்லூருக்கே செல்லலாம். அங்கு 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சியகத்தில், தோண்டிய குழியிலேயே தாழிகளை வைத்து, மேலே கண்ணாடித் தளம் இட்டிருக்கின்றனர். அதன்மீது நின்று கீழே நோக்கும் மாணவர், அங்கு அடங்கியிருப்போரைப் பற்றி உடனே தீர்ப்புச் சொல்லாமல், அவர்களோடு வைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகட்டும். துயரில் இருக்கும் வீட்டுக்கு நாளை அவர்கள் செல்லும்போது அப்பழக்கம் உதவும்.